பொரித்த குஞ்சின் முதல் மூன்று நாள்கள்: எஞ்சிய மஞ்சள் கருவும் முதல் தீனியும்

முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவரும் கோழிக்குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் ஒரு பகுதி மிச்சம் இருக்கிறது. 40 கிராம் எடையுள்ள குஞ்சில் இது ஏறத்தாழ 4 முதல் 8 கிராம் வரை இருக்கும். தாய்க்கோழி வழிக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு என்று இதைச் சொல்லலாம். இந்தக் கட்டுச்சோற்றை நம்பியே, ஒருநாள் வயதுக் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து ஊர்விட்டு ஊர் அனுப்பும் தொழில் வளர்ந்தது. "குஞ்சுக்கு முதல் மூன்று நாளைக்குத் தீனியும் தண்ணீரும் வேண்டாம்" என்ற பேச்சும் அப்படித்தான் பரவியது.

இந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியால் ஒவ்வோர் ஆண்டும் ஏராளமான குஞ்சுகள் முதல் வாரத்திலேயே மடிகின்றன. நூறு குஞ்சு வாங்கும் சிறு பண்ணையாளருக்கும், பத்துக் குஞ்சு வாங்கிக் கொல்லையில் விடும் குடும்பத்துக்கும் இழப்பு அங்கேதான் தொடங்குகிறது. அந்த நம்பிக்கை எப்படி உருவானது, குஞ்சின் குடல் முதல் நாள்களில் எப்படி வளர்கிறது, அறிவியல் எந்தப் படிகளில் இதைப் புரிந்துகொண்டது என்பதை இக்கட்டுரை வரலாற்று வரிசையில் விளக்குகிறது.

தாய்க்கோழியின் கணக்கு

எஞ்சிய மஞ்சள் கரு எதற்காக இருக்கிறது என்பதை அடைக்கோழியைக் கவனித்தால் அறியலாம். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வெவ்வேறு நாள்களில் இடுகிறது. எல்லாவற்றையும் இட்டு முடித்த பிறகே முழுநேர அடையில் உட்காருகிறது. 21 நாள் கழித்து முட்டைகள் பொரிக்கும்போது எல்லாக் குஞ்சுகளும் ஒரே மணியில் வெளிவருவதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடையே ஒரு நாளோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ ஆகலாம். அந்த இடைவெளியில் முதலில் பொரித்த குஞ்சு தாயின் சிறகுக்கடியில் உலர்ந்து, சூடேறி, காத்திருக்கிறது. காத்திருக்கும் நேரத்துக்கான உணவுதான் வயிற்றிலுள்ள மஞ்சள் கரு.

பெரும்பாலான குஞ்சுகள் வெளிவந்ததும் தாய்க்கோழி அடையை விட்டு எழுந்துவிடும். பிந்திய முட்டைகள் கூமுட்டையோடு சேர்ந்து கூட்டிலேயே கிடக்கும். கோழி குஞ்சுகளை வெளியே நடத்திச் சென்று, மண்ணைக் கிளறி, கொக்கொக்கென்று குரல் கொடுத்து, இரையைக் கொத்திக் கொத்திக் கீழே போட்டுக் காட்டும். புறாவைப் போலத் தன் தீனிப்பையில் சுரக்கும் பாலைக் கோழி ஊட்டுவதில்லை. குஞ்சு தானே கொத்த வேண்டும். எதைக் கொத்துவது என்பதைத் தாய் காட்டிக்கொடுக்கும். சிறிது நேரம் மேய்ந்ததும் மீண்டும் சிறகுக்குள் அழைத்துச் சூடேற்றும்.

ஆக, தாயோடு வளரும் குஞ்சு பொரித்த ஒன்றிரண்டு நாளுக்குள் இரை எடுக்கத் தொடங்கிவிடுகிறது. மஞ்சள் கருவும் வெளி இரையும் சில நாள் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்று தீர்ந்த பிறகு மற்றொன்று என்ற வரிசை இயற்கையில் இல்லை.

முட்டைக்குள் பார்த்தவர்கள்

கோழி முட்டையை நாள்வாரியாக உடைத்துப் பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் 'விலங்குகளின் வரலாறு' நூலில் கருவின் வளர்ச்சியைப் படிப்படியாக விவரித்தார். பொரித்துப் பத்து நாள் ஆன குஞ்சை அறுத்துப் பார்த்தால்கூடக் குடலோடு ஒட்டிய சிறு மிச்சம் தெரியும் என்று அவர் எழுதியிருக்கிறார். எஞ்சிய மஞ்சள் கருவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய பதிவுகளில் இது முக்கியமானது.

கோழிக் கருவை விரிவாக ஆராய்ந்த இத்தாலிய உடற்கூறியலாளர் ஃபாப்ரிசியஸின் நூல், அவர் மறைந்த பின் 1621ஆம் ஆண்டு வெளிவந்தது. கோழியின் கழிவுத் துவாரத்துக்கு அருகே உள்ள ஒரு சிறு பையை அவர் அதில் குறித்தார். அந்தப் பை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அதன் வேலை என்ன என்பது மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1956இல்தான் தெரிந்தது. அமெரிக்க ஆய்வாளர் புரூஸ் கிளிக்கும் அவருடன் பணியாற்றியவர்களும், குஞ்சுப் பருவத்தில் அந்தப் பையை அகற்றிவிட்டால் கோழியால் எதிர்ப்பொருள்களைச் சரியாக உண்டாக்க முடிவதில்லை என்று காட்டினர். செரிமானப் பாதையின் கடைக்கோடியில் நோய் எதிர்ப்பின் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது.

1893இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபெலிக்ஸ் கிளெம்பெரர் வேறொரு கதவைத் திறந்தார். வில்வாத நஞ்சுக்கு எதிராகப் பாதுகாப்புப் பெற்ற கோழி, அந்தப் பாதுகாப்பைத் தன் முட்டையின் மஞ்சள் கருவுக்கும் கடத்துகிறது என்று அவர் கண்டறிந்தார். எனவே மஞ்சள் கரு வெறும் கொழுப்பும் புரதமும் அல்ல. தாய் பட்ட நோய்களுக்கான எதிர்ப்பொருள்களும் அதில் இருக்கின்றன. பசியோடு காத்திருக்கும் குஞ்சு இந்தப் பாதுகாப்புப் புரதங்களையும் எரிபொருளாகச் செலவிட நேரிடும் என்ற கவலை பிற்கால ஆய்வாளர்களுக்கு இங்கிருந்தே வந்தது.

அடைகாப்பானும் அஞ்சலில் போன குஞ்சும்

அடைக்கோழி இல்லாமல் முட்டை பொரிக்கும் கலை எகிப்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. பெரிய மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை அங்கே பொரித்தனர். ஐரோப்பாவில் பிரெஞ்சு அறிஞர் ரேமூர் 1749இல் செயற்கை முறையில் குஞ்சு பொரிப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெட்டலூமா ஊரில் 1879இல் லைமன் பைஸ் என்பவர் பயன்பாட்டுக்கு ஏற்ற அடைகாப்பானை உருவாக்கிய பின், குஞ்சு பொரிப்பது ஒரு தனித் தொழிலானது.

பொரிப்பகம் ஓர் ஊரிலும் வளர்ப்பவர் வேறோர் ஊரிலும் இருந்தால் குஞ்சு பயணம் செய்தாக வேண்டும். 1892இல் நியூஜெர்சி மாநிலத்தின் ஸ்டாக்டனிலிருந்து ஜோசப் வில்சன் என்ற பொரிப்பகக்காரர், புதிதாகப் பொரித்த குஞ்சுகளை இல்லினாய் மாநிலத்துக்கு ரயிலில் அனுப்பினார். வழியில் தீனி இல்லை, தண்ணீர் இல்லை. குஞ்சுகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. 1918இல் அமெரிக்க அஞ்சல் துறை ஒருநாள் வயதுக் குஞ்சுகளைப் பார்சலாக ஏற்றுக்கொண்டது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

தாய்க்கோழியின் சிறகுக்கடியில் ஒரு நாள் காத்திருப்பதற்காக அமைந்த இருப்பு, இப்படித்தான் மூன்று நாள் பயண அனுமதிச் சீட்டாக மாறியது. குஞ்சு உயிரோடு இருக்கிறதா என்பதுதான் அன்றைய கேள்வி. அது எப்படி வளர்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்து வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் காத்திருப்பை நீட்டித்தது. 1920களில் ஜப்பானியர் ஒருநாள் குஞ்சில் ஆண், பெண் பிரிக்கும் முறையைக் கண்டறிந்தனர். 1927இல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த உலகக் கோழியின மாநாட்டில் கியோஷி மசூய் இதை விளக்கினார். 1970களில் மாரெக் நோய்க்கான தடுப்பூசி வந்தது. அதைப் பொரிப்பகத்திலேயே போட வேண்டியிருந்தது. பொரிக்கும் பொறியிலுள்ள குஞ்சுகளில் முந்தியதற்கும் பிந்தியதற்கும் 24 முதல் 36 மணி நேர இடைவெளி உண்டு. கடைசிக் குஞ்சும் உலர்ந்த பிறகே தட்டுகளை வெளியே எடுப்பர். பிறகு எண்ணுதல், பிரித்தல், ஊசி, பெட்டி, லாரி. முதலில் பொரித்த குஞ்சு பண்ணையின் தண்ணீர்த் தட்டைப் பார்ப்பதற்குள் இரண்டு, மூன்று நாள் ஓடிவிடுகிறது.

எதைக் கொடுப்பது என்ற கேள்வி

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அறிவியலின் கவனம் முழுவதும், குஞ்சுக்கு எதைக் கொடுப்பது என்பதில் இருந்தது. இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது மனித உணவைப் பற்றிய பெரிய உண்மைகளும் வெளிப்பட்டன.

டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன் 1890களில் ஜாவாவின் பத்தாவியா நகரில் பணியாற்றினார். மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் முடங்கியது. தவிடு நீக்காத அரிசி கொடுத்ததும் அவை தேறின. பெரிபெரி நோயின் காரணத்தை நோக்கிய இந்த வழி பின்னாளில் தயமின் என்ற வைட்டமினில் முடிந்தது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. கொழுப்பு நீக்கிய தீனி கொடுத்த குஞ்சுகளுக்கு இரத்தக் கசிவு ஏற்படுவதைக் கோபன்ஹேகனில் கண்ட ஹென்ரிக் டாம், 1935இல் வைட்டமின் கே என்ற பெயரைத் தந்தார். அவருக்கும் 1943இல் நோபல் கிடைத்தது. தாவரத் தீனியை மட்டும் தின்ற குஞ்சுகள் சரியாக வளராததற்கு, விலங்குப் புரதத்தோடு வரும் ஏதோ ஒரு பொருள் குறைவதே காரணம் என்று கருதப்பட்டது. 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12தான் அது.

நம் ஊர்ப் பழக்கத்தை இந்த அறிவோடு வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கொல்லைகளில் குஞ்சுக்கு முதலில் போடுவது நொய்யரிசி, கம்பு, கேழ்வரகு போன்றவை. தீட்டிய அரிசியின் நொய்யில் மாவுச்சத்து உண்டு. புரதமும் வைட்டமின்களும் குறைவு. அதனால்தான் கிராமத்தார் கரையானையும் சேர்த்தார்கள். பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், இற்ற மட்டை, ஓலை ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் வெட்டவெளியில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானைக்குள் கரையான் மொய்த்திருக்கும். அதைக் குஞ்சுகளின் முன் கொட்டுவார்கள். புரதம், பி12 என்ற சொற்கள் வருவதற்கு முன்பே அந்தத் தேவை பானை வழியாக நிறைவேறியது.

தமிழ்நாட்டில் ஒருநாள் குஞ்சு

சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி தென்னிந்தியாவின் கால்நடைக் கல்விக்கு அடித்தளமானது. 1989இல் அதைச் சேர்த்து, மாதவரம் பால்பண்ணையைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. கால்நடை அறிவியலுக்கென இந்தியாவில் தோன்றிய முதல் பல்கலைக்கழகம் இது. வட இந்தியாவில் இசத்நகரில் 1979இல் மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது.

தொழில் இன்னொரு பக்கம் வேகமாக வளர்ந்தது. 1971இல் பி.வி. ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா பொரிப்பகம், நாடெங்கும் ஒருநாள் குஞ்சு விற்பனையைப் பெருக்கியது. நாமக்கல் முட்டைக்கும், பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகள் கறிக்கோழிக்கும் பெயர் பெற்றன. துளையிட்ட அட்டைப் பெட்டியில் நான்கு அறை, அறைக்கு 25 குஞ்சு என்பது பழகிய காட்சி. நூறு குஞ்சுக்கு இரண்டைக் கூடுதலாகப் போட்டுக் கொடுப்பதும் வழக்கம். வழியிலும் முதல் நாள்களிலும் சில சாகும் என்பதை விற்பவரும் வாங்குபவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டதற்கு அந்த இரண்டு குஞ்சுகள் அடையாளம்.

காடையும் வான்கோழியும் கற்றுத்தந்தவை

1974இல் ஜப்பானியக் காடை இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் சென்னை நந்தனத்திலிருந்த கோழியின நிலையத்தின் பெயரால் நந்தனம் காடை, நந்தனம் வான்கோழி என்ற இனங்கள் வந்தன. முதல் நாள்களின் அருமையைக் கோழிக்குஞ்சைவிட இவை தெளிவாகக் காட்டின.

பொரித்த காடைக்குஞ்சின் எடை 7 முதல் 9 கிராம்தான். அதன் வயிற்றிலுள்ள இருப்பும் அதற்கேற்பச் சிறியது. சூடும் தண்ணீரும் சில மணி நேரம் தவறினாலே துவண்டுவிடும். ஆழமான தட்டில் தண்ணீர் வைத்தால் அதிலேயே விழுந்து மூழ்கும். இதற்காகத் தட்டில் கோலிக்குண்டுகளைப் போட்டு, இடையிலுள்ள தண்ணீரை மட்டும் குடிக்கவிடும் எளிய உத்தியைப் பண்ணையாளர்கள் கைக்கொண்டனர்.

வான்கோழிக் குஞ்சின் சிக்கல் வேறு. தீனி எதிரே இருந்தாலும் பல குஞ்சுகள் அதைத் தீனியென்று அறியாமல் பட்டினியால் சாகும். முதல் வார இறப்புக்கு இது பெரிய காரணம். ஆகவே லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்து கொடுப்பது, பத்துக் குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டை வீதம் பதினைந்து நாள் ஊட்டுவது, தீனி எடுக்கத் தெரிந்த கோழிக்குஞ்சு ஒன்றை இடையில் விடுவது ஆகிய வழிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. தாய்க்கோழி குரல் கொடுத்துக் கொத்திக் காட்டும் வேலையை இங்கே ஒரு கோழிக்குஞ்சு செய்கிறது.

எப்போது கொடுப்பது என்ற கேள்வி

எப்போது முதல் தீனி என்ற கேள்வி 1990களில்தான் தீவிரமாக எழுந்தது. இஸ்ரேலின் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோய், ஸ்கிலன், செஹவா யூனி ஆகியோரின் ஆய்வுகள் இதில் முன்னோடி. பொதுவாக எதிர்பார்த்ததற்கு மாறான ஒன்றை அவர்கள் கண்டனர். உடனே தீனி தின்ற குஞ்சில் எஞ்சிய மஞ்சள் கரு, பட்டினி கிடந்த குஞ்சைவிட வேகமாகக் கரைந்தது.

காரணம் இதுதான். மஞ்சள் கருவின் சத்து இரண்டு வழிகளில் உடலுக்குப் போகிறது. ஒன்று, அதைச் சூழ்ந்த பையின் சவ்வு வழியே நேரே இரத்தத்துக்கு. இரண்டாவது, சிறு தண்டு போன்ற குழாய் வழியே சிறுகுடலுக்கு. வயிற்றில் தீனி விழுந்ததும் குடல் அசையத் தொடங்குகிறது. அந்த அசைவு இரண்டாம் வழியைத் தூண்டுகிறது. நன்றாக வளர்ந்த கோழியின் சிறுகுடலைக் கழுவும்போது நடுப்பகுதியில் ஒரு சிறு முளை கைக்குத் தட்டுப்படும். அந்தக் குழாய் இருந்த இடத்தின் தழும்பு அது.

குடலும் அந்த நாள்களில்தான் ஆளாகிறது. முட்டைக்குள் இருந்தவரை கருவின் முக்கிய எரிபொருள் மஞ்சள் கருவின் கொழுப்பு. ஓட்டை உடைக்கும் உழைப்பில் கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்திருந்த கிளைக்கோஜன் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. வெளியே வந்ததும் மக்காச்சோளமும் கம்பும் போன்ற மாவுச்சத்துத் தீனிக்கு அது மாற வேண்டும். இந்த மாற்றத்துக்குக் குடலில் உறிஞ்சும் பரப்பும் நொதிகளும் வேண்டும். பொரித்த முதல் வாரத்தில் சிறுகுடல், உடலின் மற்ற உறுப்புகளைவிடப் பன்மடங்கு வேகமாக வளர்கிறது. உட்சுவரின் குடலுறிஞ்சிகள் நீள்கின்றன. அவற்றின் அடியிலுள்ள குழிகளில் புதிய செல்கள் பெருகுகின்றன. முன்சிறுகுடல் ஏறத்தாழ ஒரு வாரத்தில் உருப்பெற்றுவிடும். பின்பகுதிகளுக்கு மேலும் ஒரு வாரம் ஆகலாம். உள்ளே தீனி விழுவதே இந்த வளர்ச்சியைத் தூண்டும் முதன்மைக் காரணி. இரண்டு நாள் காலியாகக் கிடந்த குடலில் உறிஞ்சிகள் குட்டையாக நிற்கின்றன.

2017இல் நெதர்லாந்தின் வாகெனிங்கன் ஆய்வாளர்கள், அதுவரை வெளிவந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிட்டனர். பொரித்தபின் 48 மணி நேரமோ அதற்கு மேலோ தீனியும் தண்ணீரும் இல்லாமல் இருந்த குஞ்சுகளின் எடைக்குறைவு ஆறு வாரம் வரை தொடர்வதும், இறப்பு கூடுவதும் அதில் தெரிந்தன. இன்றைய கறிக்கோழியின் மொத்த ஆயுளே ஏறக்குறைய ஆறு வாரம்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இதற்கிடையே யூனியும் அமெரிக்காவின் பீட்டர் ஃபெர்கெட்டும் இன்னும் ஒரு படி முன்னே சென்றனர். முட்டைக்குள் இருக்கும் கரு, பொரிப்பதற்குச் சில நாள் முன்பிருந்தே தன்னைச் சூழ்ந்த திரவத்தை விழுங்குகிறது. அந்தத் திரவத்தில் சத்துக்கரைசலை ஊசிமூலம் செலுத்தினால் முதல் உணவு முட்டைக்குள்ளேயே கிடைத்துவிடும். இந்த முறைக்கு 2003இல் அவர்கள் காப்புரிமை பெற்றனர். ஐரோப்பாவில் சில நிறுவனங்கள் பொரிக்கும் பொறிக்குள்ளேயே தீனியும் தண்ணீரும் வெளிச்சமும் வைத்தன. வேறு சிலர், 18 நாள் ஆன முட்டைகளைப் பண்ணைக்கே கொண்டுபோய் அங்கேயே பொரிக்கவிட்டனர். சுற்றி வந்து பார்த்தால், பொரித்த இடத்திலேயே முதல் இரை என்ற தாய்க்கோழியின் ஏற்பாட்டுக்கே தொழில் திரும்பியிருக்கிறது.

தாயிடமிருந்து வரும் நுண்ணுயிர்கள்

தாயில்லாக் குஞ்சுக்குக் கிடைக்காமல் போனது தீனிக்கான வழிகாட்டல் மட்டுமல்ல. பொரித்த குஞ்சின் குடலில் நுண்ணுயிர்கள் மிகக் குறைவு. தாயோடு திரியும் குஞ்சு அது கிளறிய மண்ணையும் எச்சத்தையும் கொத்தி, வளர்ந்த கோழியின் நல்ல நுண்ணுயிர்களைப் பெறுகிறது. பொரிப்பகக் குஞ்சு சுத்தமான தட்டிலிருந்து வருவதால் அதன் குடல் காலி மனையாகக் கிடக்கிறது. முதலில் வரும் கெட்ட கிருமி அங்கே குடியேறிவிடுகிறது.

1973இல் பின்லாந்தின் நூர்மி, ரன்டாலா ஆகிய இருவரும் இதை மெய்ப்பித்தனர். ஆரோக்கியமான வளர்ந்த கோழிகளின் குடற்பொருளைப் புதிய குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, சால்மொனெல்லா கிருமி அவற்றின் குடலில் காலூன்ற முடியவில்லை. நல்ல நுண்ணுயிர்கள் இடத்தை நிரப்பிக் கெட்டவற்றை வெளியே நிறுத்தின. இன்று தீவனக் கடைகளில் கிடைக்கும் புரோபயாட்டிக் பொடிகளின் அடிப்படைக் கருத்து இதுவே.

தொழில் நீண்ட காலம் எதிர்வழியில் போயிற்று. 1950 முதல் தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாட்டிக் கலந்து வளர்ச்சியைத் தூண்டும் பழக்கம் பரவியது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகிய பிறகு, ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் அதைத் தடைசெய்தது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்த இந்தியா 2019இல் தடை விதித்தது. முதல் வாரத்தில் குடலை நன்றாக வளரவிட்டால் பின்னால் மருந்தின் தேவை குறையும் என்பது இப்போது பரவலாக ஏற்கப்படும் கருத்து.

கள்ளிக்குப்பமும் புறநகர்க் கொல்லைகளும்

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூரின் வடபகுதியில், புழல் ஏரிக்கு அருகே உள்ளது கள்ளிக்குப்பம். கிழக்கே சில கிலோமீட்டரில் மாதவரம் பல்கலைக்கழகத் தலைமையகம். 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தபின் இந்தப் பகுதியின் வயல்கள் மெல்ல மெல்ல மனைகளாயின. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிச் சுற்றுவட்டாரத்தில் இடம் சுருங்கினாலும், வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்க்கும் ஆசை சுருங்கவில்லை.

மாறியது வேறொன்று. முன்பு அடைக்கோழியும் பஞ்சாரமும் கொல்லையிலேயே இருந்தன. கூடை போலப் பின்னிய பஞ்சாரத்தைத் தாயின் மேலும் குஞ்சுகளின் மேலும் கவிழ்த்துவிட்டால், காகத்துக்கும் பூனைக்கும் தப்பிக் குஞ்சுகள் தாயின் சூட்டில் கிடக்கும். இன்று பலர் குஞ்சை மட்டும் வாங்குகிறார்கள், தாய் வருவதில்லை. தாய் செய்த வேலைகள் அனைத்தும் வாங்குபவர் தலையில் விழுகின்றன. அதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

இதன் கொடிய வடிவம் சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் விற்கும் சாயக் குஞ்சு. முட்டைக்கோழி இனத்தில் ஆண் குஞ்சுகளால் முட்டைப் பண்ணைக்குப் பயனில்லை. பொரிப்பகம் கழித்துவிட்ட அவற்றுக்குப் பச்சையும் சிவப்பும் நீலமும் தோய்த்து, பிள்ளைகளின் கண்ணைக் கவர்ந்து விற்கிறார்கள். சூடில்லாமல், தண்ணீரில்லாமல், வெயிலில் கூடைக்குள் கிடந்த குஞ்சு வீட்டுக்கு வரும்போதே அதன் கட்டுச்சோறு தீரும் நிலையில் இருக்கும். இரண்டொரு நாளில் அது செத்ததும், பிள்ளை அதிகம் தொட்டதால் செத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அந்தக் குஞ்சைக் கொன்றது குளிரும் தாகமும் பசியும்தான்.

சட்டமும் திட்டமும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பொரித்த 72 மணி நேரத்துக்குள் முடியும் பயணமாக இருந்தால், 24 மணி நேரத்துக்கு உட்பட்ட வழியில் குஞ்சுகளுக்குத் தீனி, தண்ணீர் தராமல் விட அனுமதிக்கிறது. இந்தியாவின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் 2001இல் சேர்க்கப்பட்ட கோழியினப் பகுதி, குஞ்சுகளைப் பொரித்தவுடன் பெட்டியிலிட்டு அனுப்பச் சொல்கிறது. பயணத்துக்கு முன்பும் பயணத்தின்போதும் தீனியோ தண்ணீரோ கூடாது என்கிறது. வெயில், மழை படாமல் காக்கவும் சொல்கிறது. பெட்டிக்குள் தண்ணீர் சிந்தினால் குஞ்சு நனைந்து விறைக்கும் என்பதால் அந்த விதிக்குப் பொருள் உண்டு. உடனே அனுப்பு என்ற வரியை மறந்து, தீனி கூடாது என்ற வரியை மட்டும் பின்பற்றும்போதுதான் தீங்கு வருகிறது.

கொல்லைப்புறக் கோழித் திட்டங்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தன. மத்திய அரசின் திட்டத்தில் ஒருநாள் குஞ்சுகளை நேரே ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுப்பதில்லை. நான்கு வாரம் ஓரிடத்தில் வளர்த்து, சூடும் தடுப்பூசியும் தீனியும் தந்து, தேறிய பிறகே கொடுக்கிறார்கள். அந்த இடைநிலைப் பண்ணைக்கு அரசுக் கோப்பில் வைத்த பெயர் 'மதர் யூனிட்', அதாவது தாய் அலகு. பொருத்தமான பெயர்தான்.

குஞ்சு வாங்குவோர் செய்யக்கூடியவை

இந்த வரலாற்றிலிருந்து வீட்டு வளர்ப்பாளர் எடுத்துக்கொள்ள வேண்டியவை எளிமையானவை. குஞ்சு எப்போது பொரித்தது என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். ஒரு நாளுக்குள் என்றால் நல்லது. குஞ்சு வருவதற்குச் சில மணி நேரம் முன்பே இடத்தைச் சூடேற்றி வைக்க வேண்டும். முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. குஞ்சுக்கு 2 வாட் வீதம் குண்டு பல்பு என்பது நடைமுறைக் கணக்கு. குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர், விலகி ஓடி மூச்சிரைத்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி.

வந்ததும் முதலில் தண்ணீர். சிறிது வெல்லமோ குளுக்கோஸோ கலக்கலாம். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுக் காட்டினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். பிறகு காகிதத்தை விரித்து, உடைத்த மக்காச்சோளத்தையோ குஞ்சுத் தீவனத்தையோ தூவ வேண்டும். விரலால் தட்டி ஒலி எழுப்பினால் குஞ்சுகள் ஓடிவரும். தாயின் கொக்கொக்குக்கு அது மாற்று. மறுநாள் காலையில் சில குஞ்சுகளைக் கையிலெடுத்துக் கழுத்தடியிலுள்ள தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உருண்டு மெத்தென்று இருந்தால் தீனியும் தண்ணீரும் உள்ளே போயிருக்கின்றன. கல்லாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. தட்டையாக இருந்தால் அந்தக் குஞ்சு இன்னும் மஞ்சள் கருவை மட்டும் நம்பியிருக்கிறது. அதைத் தனியே எடுத்து அன்றைக்கே ஊட்ட வேண்டும்.